போலாமா, ஏசப்பா?

வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் அந்த அக்கா ஒரு கேள்வி கேட்பார். சாவியின் மேல் கை இருக்கும். கண் மூடியிருக்கும்.

"போலாமா?"

பள்ளிக்கூட வேனில் நான் முதன்முதலாக ஏறிய மாலை, என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "போலாங்க்கா" என்று பதில் சொன்னேன். பின்னால் இருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எல்.கே.ஜி. படிக்கிற ஒருத்தி என் முழங்கையைத் தொட்டு, "மிஸ், உங்கள இல்ல. ஏசப்பாவ" என்றாள்.

அக்கா கண்ணைத் திறந்தார். சிரிக்கவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. கண்ணாடியில் பிள்ளைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார்.

இண்டூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்த வருஷம் அது. என் மகள் தாரணியையும் அங்கேயே மூன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தேன். எங்கள் வீடு பென்னாகரம் போகும் வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். வேனுக்கு அதுதான் கடைசி நிறுத்தம். காலையில் முதலில் ஏறி மாலையில் கடைசியாக இறங்குகிறவள் என்பதால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். சேலைக்கு மேலே காக்கிச் சட்டை, இறுக்கி முடிந்த கொண்டை. மற்ற வேன்களில் சாமி படமும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். இவர் வேனில் ஒரு சிலுவைகூடக் கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, "கண்ணாடிய மறைக்குமுங்க" என்றார்.

நாங்கள் முனியப்பனைக் கும்பிடுகிறவர்கள். இன்னொருவர் சாமி கும்பிடுவதைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் ஒரு பயத்தை உண்டாக்கியது. கும்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் ஒரு ரகம். இவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவர். யாரோ பேசப்போகிறார்கள் என்பதைப் போலக் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்திருப்பார். வண்டி நிறையப் பிள்ளைகள். என் பிள்ளையும் அதில் ஒன்று. என்ன காதில் விழுகிறதோ, அதைக் கேட்டு என்ன செய்வாரோ என்று இருக்கும்.

நான் பயந்தபடியே ஒரு நாள் நடந்தது. கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தவர், "இன்னிக்கு அந்தப் பக்கம் வேணாமுங்க டீச்சர்" என்று ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். வழக்கமான வழியில் வந்த இன்னொரு வேன் டிரைவர் வாசலிலேயே நின்று, "அங்க ஒண்ணுமே இல்லியே, ரோடு காலியாத்தான் கெடந்துச்சு. என்னக்கா, உங்க சாமி தப்பா சொல்லிடுச்சா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நடக்கலைன்னா சந்தோசந்தானே தம்பி" என்றார் அக்கா.

"அப்ப எதுக்குச் சுத்துனீங்க?"

"வேணாம்னு பட்டுச்சு. அவரு சொன்னாரா, எனக்கேதான் தோணுச்சான்னு சரியாத் தெரியல."

தெரியவில்லை என்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. சாமி சொன்னார் என்று அடித்துச் சொல்லியிருந்தால், பைத்தியம் என்று தள்ளிவைத்திருப்பேன். இவரை எந்தப் பக்கமும் சேர்க்க முடியவில்லை.

அந்தக் கிறிஸ்மஸுக்கு என்னையும் தாரணியையும் வீட்டுக்கு அழைத்தார். ஒற்றை அறை, ஷீட் கூரை. சர்ச்சு முடிந்து உறவுக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் தனக்கு நடந்ததைச் சொன்னார். கிருஷ்ணகிரி போக வேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டாராம். அந்த பஸ் போய் லாரியில் மோதியதாம். "கர்த்தர் என்னைக் காப்பாத்துனாரு" என்று கண் கலங்கினார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

அக்கா சோற்றுக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். "அப்ப அந்த பஸ்ல போனவங்கள?" என்றார்.

அவர் சண்டைக்காகக் கேட்கவில்லை. பதில் தெரிந்தால் சொல்லுங்கள் என்பதைப் போல, கண் கலங்கியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து அவருக்கே இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

எல்லோரும் போன பிறகு நாங்கள் இருவரும் பாத்திரம் கழுவினோம். அப்போதுதான் சொன்னார். அவருடைய கணவர் லாரி டிரைவர். தொப்பூர் கணவாயில், இறக்கத்தில், பிரேக் பிடிக்காமல் வண்டி கவிழ்ந்து இறந்துபோனார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அக்காதான் அவர் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி அனுப்பினாராம்.

"ஏன்னு கேக்கலையாக்கா உங்க சாமிய?" என்றேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

"கேட்டேனுங்க." தட்டைக் கவிழ்த்துவைத்தார். "இன்னும் சொல்லல."

அதில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பக்கத்து ஊருக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை என்று சொல்கிற மாதிரிதான் இருந்தது. கணவர் போன பிறகுதான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாராம். அவரைக் கொன்றதையே பிடித்துக்கொண்டு எப்படிப் பிழைக்க முடிகிறது என்று நான் கேட்கவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டே அவராகத்தான் சொன்னார்: "தெனமும் பயந்துகிட்டேதானுங்க ஓட்டறேன். அதனாலதான் தெனமும் கேக்கறேன்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு மாலை, வளைவில் பைக் சறுக்கி ஒரு ஆள் விழுந்துகிடந்தார். தலையில் ரத்தம். சுற்றி நின்றவர்கள் போலீஸ் கேஸ் ஆகும் என்று யாரும் தொடாமல் இருந்தார்கள். அக்கா வேனை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்ட வேகத்தில் இறங்கி ஓடினார். கண்ணை மூடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. என்னையும் இரண்டு ஆட்களையும் அதட்டி, அந்த ஆளை வேனிலேயே ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத்தான் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்.

திரும்பும்போது கேட்டேன். "இன்னிக்கு மட்டும் கேக்கவே இல்லியேக்கா?"

"இதுக்கு எதுக்குங்க கேக்கணும்? கண்ணுக்குத் தெரியுதே."

அடுத்த வருஷம் ஐப்பசியில் அந்த மழை வந்தது.

மதியத்திலிருந்தே மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தது. பள்ளியைச் சீக்கிரமே விட்டார்கள். பாதி வழி வரும்வரை தூறல்தான். மெயின் ரோட்டைவிட்டு உள்ளே திரும்பிய பிறகு கொட்ட ஆரம்பித்தது. எங்கள் வேன் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே பின்னால் ஒரு புளியமரம் ரோட்டின் குறுக்கே விழுந்தது. கரண்டுக் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்ததால் அதன் பக்கத்தில் போகக்கூட முடியாது. திரும்பிப் போகும் வழி அதோடு அடைந்துவிட்டது.

முன்னால் ஓடை. சாதாரண நாளில் அதில் தண்ணீரே இருக்காது. தரைப்பாலத்தின் மேலே ஆடு மேயும். அன்று பாலமே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. முள்ளும் கிளையும் உருண்டு போயின. எங்களுக்கு முன்னால் நின்ற பால் வண்டி கொஞ்சம் தயங்கிவிட்டு இறங்கியது. சக்கரம் பாதி முழுகியது. அந்தக் கரையில் ஏறிப் போய்விட்டது. அதன் பின்னால் பைக்கில் வந்த ஒருவரும் காலை ஊன்றி ஊன்றித் தாண்டிவிட்டார்.

"போயிடலாம்க்கா, எல்லாரும் போறாங்க" என்றேன்.

அக்கா எஞ்சினை அணைத்தார். கண்ணை மூடினார். "போலாமா, ஏசப்பா?"

மழை கூரையில் அடித்தது. வெகுநேரம் அப்படியே இருந்தார். கண்ணைத் திறந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணும் சொல்லலைங்க டீச்சர்."

"அப்படின்னா?"

"தெரியலைங்க. நான் எறக்க மாட்டேன். தண்ணிக்கு அடியில ரோடு இருக்குதா, அரிச்சிகிட்டுப் போயிடுச்சான்னு எனக்குத் தெரியல."

போனில் சிக்னல் இல்லை. பிள்ளைகள் பசிக்கிறது என்றார்கள். டிபன் பாக்ஸில் மிச்சம் இருந்ததையெல்லாம் எடுத்துச் சின்னவர்களுக்கு ஊட்டினேன். அப்போதுதான் தாரணி மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

அவளுக்கு வீசிங் உண்டு. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும். இன்ஹேலரை எடுத்து அடித்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி அடித்தேன். கேட்கவில்லை. கழுத்துக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதட்டின் நிறம் மாறத் தொடங்கியது. அவள் என் தோளைப் பிடித்தபடி பேச முயன்றாள். வார்த்தை வரவில்லை.

"அக்கா, எறக்குங்க வண்டிய! உங்க கால்ல வேணா விழறேன். ஓடையத் தாண்டிட்டா ஆஸ்பத்திரி பக்கந்தானே!"

அவர் அசையவில்லை. பின்னால் திரும்பி மற்ற பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தாரணியைப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு பார்வையை நான் யாரிடமும் கண்டதில்லை. "இத்தன புள்ளைங்கள வெச்சிகிட்டு எறங்க மாட்டேன் டீச்சர்" என்றார்.

நான் அவரைத் திட்டினேன். உங்கள் சாமி செத்துவிட்டதா என்றுகூடக் கேட்டேன். அவர் மழையில் இறங்கி, பக்கத்துச் சோளக்காட்டுக்குள் ஓடினார். கத்திக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே போனார். வரும்போது அவருக்குப் பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. காட்டுக்காரர் ஒருவர் தலையில் யூரியா சாக்கைப் போட்டுக்கொண்டு ஓட்டிவந்தார்.

"டயரு பெருசுங்க. எடையும் இருக்குது. நான் தாண்டிடுவேன்" என்றார் அவர். "ஆனா உத்தரவாதம் கேக்காதீங்கம்மா. புள்ளையத் தூக்கிகிட்டு நீங்க ஏறணும்னா ஏறுங்க."

நான் தண்ணீரைப் பார்த்தேன். தாரணியைப் பார்த்தேன். கால் எழவில்லை. அவ்வளவு திட்டியவரிடமே போய் நின்றேன்.

"அக்கா, போகட்டுமா? நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அக்கா கண்ணை மூடினார். உடனே திறந்துவிட்டார்.

"இப்பவும் ஒண்ணும் சொல்லலைங்க டீச்சர். ஆனா புள்ளைக்கு மூச்சு வாங்குது. அது கண்ணுக்குத் தெரியுது. போங்க."

தன் துண்டையும் இரண்டு பிள்ளைகளின் பெல்ட்டையும் சேர்த்து முடிந்து, தாரணியை என் மார்போடு கட்டினார். "டிராக்டர்காரரு தோளக் கெட்டியாப் புடிச்சிக்கோங்க. தண்ணியப் பாக்காதீங்க. அந்தக் கரையப் பாருங்க."

டிராக்டர் இறங்கியது. மட்கார்டின் மேல் உட்கார்ந்திருந்த என் காலைத் தண்ணீர் வந்து அறைந்தது. நடுவில் ஒருமுறை முன்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்தது. ஓட்டியவர் ஏதோ சாமி பெயரைச் சொல்லிக் கத்தினார். நானும் கத்தினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று இருந்தும் திரும்பிப் பார்த்தேன். அக்கா கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கண்ணை மூடவில்லை. எங்கள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரை ஏறினோம். டிராக்டர்காரரே பென்னாகரம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்து ஆவியை உள்ளே விட்டார்கள். தாரணி நிறம் திரும்பி, "அம்மா, பசிக்குது" என்று சொன்னாள். வாசல் கடைக்கு பன் வாங்க ஓடினேன்.

இருட்டும் நேரத்தில்தான் ஓடை வடிந்தது. அதற்குள் எங்கள் ஊர்ப்பக்கத்துக் கரையில் பெற்றவர்கள் கூடிவிட்டார்கள். வேன் தண்ணீரில் போய்விட்டதாக யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஒரு அம்மா மயங்கியே விழுந்துவிட்டாராம். அக்கா முதலில் தனியாக, ஒரு கழியை ஊன்றி, பாலம் முழுக்க நடந்து பார்த்திருக்கிறார். ரோடு எங்கேயும் அரிக்கவில்லை. அப்படியே இருந்தது. திரும்பி நடந்துபோய் வேனை எடுத்துவந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அவரவர் அம்மா கையில் கொடுத்தாராம்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளியில் கூட்டம் போட்டார்கள். பெற்றவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் அத்தனை நேரம் மழையில் நின்றவர்கள் அவர்கள்.

கூட்டத்துக்கு முன்னால், எங்கள் பள்ளியிலேயே இருந்த இன்னொரு கிறிஸ்தவ டீச்சர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். "கர்த்தர் போகாதேன்னு உணர்த்துனாருன்னு சொல்லிடுங்க. சாமி விஷயம்னா யாரும் மேல பேச மாட்டாங்க. வேலையாவது நிக்கும்."

அக்கா அவரைத் திகைத்துப்போய்ப் பார்த்தார். "அவரு சொல்லாதத, சொன்னாருன்னா சொல்லச் சொல்றீங்க?"

தாளாளர் கேட்டார். "பால் வண்டி போயிருக்கு, பைக் போயிருக்கு, டிராக்டர் போயிருக்கு. நீங்க மட்டும் ஏம்மா நின்னீங்க?"

"பயமா இருந்துச்சுங்க சார்."

"உங்க சாமிய என்னமோ கேப்பீங்களாமே. என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலைங்க."

சிலர் சிரித்தார்கள். அன்று பைக்கில் ஓடையைத் தாண்டியவரும் ஒரு பிள்ளையின் அப்பாதான்; அவர் எழுந்து, "பயந்தவ எதுக்கு வேன் ஓட்டணும்? வூட்ல கெடக்க வேண்டியதுதானே!" என்றார். இரண்டு அம்மாக்கள் அக்காவுக்காகப் பேசினார்கள். நான் எழுந்து நடந்ததை நடந்தபடியே சொன்னேன். வேன் இறங்கியிருந்தால் தாண்டியிருக்குமா என்று தாளாளர் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

கொஞ்ச நாள் ஓய்வில் இருக்கச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு அவருக்குச் சரியான வேலை அமையவில்லை. காரிமங்கலத்தில் இருந்த தம்பி, தங்கள் வீட்டுக்கே வந்துவிடும்படி கூப்பிட்டார். சந்தையில் காய்கறி வியாபாரம், கூடமாட ஒத்தாசையாக இருக்கலாம், சாப்பாட்டுக்குக் குறைவில்லை. என் வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தார். அங்கே பெண் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்குப் பெண் டிரைவர் தேடுகிறார்கள் என்று அவர் சொன்னார். அதை அக்காவிடம் சொன்னேன். பெரிய வண்டிக்கு லைசென்ஸ் இருந்தது. ஆனால் அந்த ரோட்டில் ஓட்டியதில்லை. தெரிந்த முகம் ஒன்றும் கிடையாது.

"கேட்டுட்டுச் சொல்றேனுங்க" என்றார். வாரக்கணக்கில் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள், தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வர முடியுமா என்று போன் பண்ணினார். போனேன். கையில் ஒரே ஒரு பை. ஓசூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லிட்டாராக்கா?"

"இல்லைங்க. எத்தன நாளைக்கு வாசல்லயே நிக்கறது? இந்த பஸ்ஸு காரிமங்கலம் வழியாத்தான் போவுது. ஓசூருக்கு டிக்கெட்டு எடுத்துக்கறேன். தம்பி வூட்ல எறங்கச் சொன்னா அங்க எறங்கிடுவேன். சொல்லலைன்னா போய்க்கிட்டே இருப்பேன்."

"தப்பாப் போயிட்டா?"

"தப்பான எடத்துக்குப் போனா, அங்க வர மாட்டாரா அவரு?" அதையும் அடித்துச் சொல்லவில்லை. என்னைக் கேட்பதைப் போலத்தான் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்தார். "எனக்காக ஒருக்கா வேண்டிக்கோங்க டீச்சர்."

"உங்க சாமிகிட்ட எனக்கு எப்படிக் கேக்கறதுன்னே தெரியாதேக்கா."

"எனக்கு மட்டும் தெரியுமா? கேளுங்க."

பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்று கண்ணை மூடினேன். முறுக்கு விற்கிறவர் கத்திக்கொண்டு போனார். பஸ்கள் ஹாரன் அடித்தன. இந்த அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். யாரிடம் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது பஸ் நகர ஆரம்பித்திருந்தது.

"ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று ஜன்னலில் இருந்து கேட்டார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் சிரித்தார். அவரோடு பழகிய இரண்டு வருஷத்தில் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் போன் வந்தது. "டீச்சர், ஓசூரு வந்துட்டேனுங்க."

"காரிமங்கலத்துல?"

"பஸ்ஸு நின்னுச்சு. தம்பி ஸ்டாப்புல வந்து நின்னுகிட்டு இருந்தான். பைய எடுத்து மடியில வெச்சிகிட்டேன். கேட்டேன். ஒண்ணும் சொல்லல. தம்பிக்குக் கையக் காட்டிட்டு அப்படியே உக்காந்துட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "பயமா இருக்குதுங்க டீச்சர். வண்டி ரொம்பப் பெருசு. நாளைக்கு விடியக்காலமே அம்பது பொண்ணுங்கள ஏத்தணுமாம்."

"பாத்து ஓட்டுங்கக்கா" என்றேன்.

"சரி, வெச்சிடட்டுங்களா? வெளிச்சம் இருக்கையிலயே போயி டயரையும் பிரேக்கையும் ஒருக்கா பாத்துட்டு வந்துடறேன்" என்றார்.